ஆரஞ்சு விளக்குக்காக ஆல்ப்ஸ் போக வேண்டாம்: ஸ்கீ ஊர் ரெட்ரோ ஹோட்டல்கள் பற்றிக் கேள்வி பதில்

1960, 70களில் கட்டி, இன்றும் அந்தக் காலத்து முகத்தோடு நிற்கும் ஸ்கீ ஊர் ஹோட்டல்களில் தங்குவது பற்றித் தில்லித் தமிழ் நண்பர்கள் நிறையக் கேட்டுவிட்டார்கள். நான் கட்டடக் கலைஞன், தொழில் தில்லியில். பிரெஞ்சு ஆல்ப்ஸில் ஃப்ளேன், அவோரியா, லெஸ் ஆர்க் மூன்று ஊரிலும் தங்கியிருக்கிறேன். ஸ்கீயிங் எனக்குச் சுமாராகத்தான் வரும், கட்டடம் பார்க்க ஓரளவு வரும். பதில்களை அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுதா, மயூர் விகார்: ரெட்ரோ ஹோட்டல் என்று போட்டாலே நூறு வருகிறது. எது நிஜமாகவே பழையது, எது வேஷம்?

சுதா, இரண்டு வகை உண்டு. ஒன்று, அந்தக் காலத்திலேயே அந்த மலைக்காக யோசித்துக் கட்டிய கட்டடம். இன்னொன்று, எப்போதோ கட்டிய சாதாரண ஹோட்டலை வாங்கி, ஆரஞ்சு விளக்கு, உருண்டை நாற்காலி, பழைய ஸ்கீ போஸ்டர் எல்லாம் மாட்டி ரெட்ரோ ஆக்கியது. இரண்டாவதில் தங்குவது பாவமில்லை, ஆனால் அதற்காக ஆல்ப்ஸ் போக வேண்டியதில்லை. அந்த நாற்காலி குருகிராமிலேயே கிடைக்கிறது.

பழைய ஸ்கீ ஹோட்டலின் டிசைன் அறைக்குள் இருக்கும் சாமான்களில் இல்லை. கட்டடம் சரிவில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறது, கதவைத் திறந்தால் கார் நிற்கிறதா பனி கிடக்கிறதா, இதெல்லாம்தான் டிசைன். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஹோட்டல் இணையதளத்தில் அறைப் படங்களை விட்டுவிட்டு, கட்டடத்தை வெளியிலிருந்து எடுத்த படத்தைத் தேடுங்கள். வெளிப்படமே இல்லாமல் குஷன், கோப்பை, விளக்கு என்று மட்டும் காட்டினால் அது வேஷம்தான்.

பிரான்சில் இந்த மாதிரி ஊர்கள் ஏன் குவிந்தன என்றால், 1964 முதல் அரசாங்கமே 'பனித் திட்டம்' என்று ஒன்று போட்டு, மாடு மேய்ந்த மேட்டு நிலங்களில் புத்தம்புது ஸ்கீ ஊர்களை எழுப்ப ஊக்கம் கொடுத்தது. பழைய கிராமத்தை ஒட்டி வளர்ந்த ஊர்கள் இல்லை இவை, வெறும் மலையில் வரைபடம் போட்டுக் கட்டியவை. அதனால்தான் ஒரே ஆளின் கை ஊர் முழுக்கத் தெரிகிறது.

கார்த்திக், முனிர்கா: ஃப்ளேன் படம் பார்த்தேன். அப்படியே தில்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) கட்டிய ஃப்ளாட். இதற்கா யூரோவில் பணம் கொடுக்கிறார்கள்?

கார்த்திக், இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஃப்ளேனை வடிவமைத்தவர் மார்செல் பிராயர். ஜெர்மனியின் பௌஹௌஸ் டிசைன் பள்ளியில் படித்து, அங்கேயே பாடமும் நடத்தியவர். வளைந்த இரும்புக் குழாய் நாற்காலி அவர் கைவேலை. பாரிஸில் யுனெஸ்கோ தலைமையகத்தை வடிவமைத்த மூவரில் ஒருவர். எரிக், சில்வி புவாசொன்னாஸ் என்ற தம்பதி 1600 மீட்டர் உயரத்தில் ஒரு மலைக் குழிவை அவரிடம் காட்டி ஊர் ஒன்று கேட்டார்கள். 60களின் கடைசியில் ஊர் திறந்தது.

கான்கிரீட் பலகைகளைக் கீழே பள்ளத்தாக்கில் வார்த்து, கேபிளில் தொங்கவிட்டு மேலே கொண்டுபோனார்கள். பலகைகள் தட்டையாக இருக்காது, வைரத்துக்குப் பட்டை தீட்டிய மாதிரி முகங்கள் உண்டு. காலையில் ஒரு முகத்தில் வெயில், பக்கத்து முகத்தில் நிழல். மதியம் அது மாறும். பின்னால் நிற்கும் சுண்ணாம்புப் பாறையும் அதே சாம்பல் நிறம். பனி பெய்து ஓய்ந்த மறுநாள் காலை பார்த்தால் கட்டடம் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று ஒரு நொடி தடுமாறும். மேகம் மூடிய நாளில் பார்த்தால், சரி, நீங்கள் சொன்ன டிடிஏதான்.

லெ ஃப்ளேன் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் திறந்த மாடம் பாறை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். 1991இல் அதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். நம் ஊரில் பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவால் 1972இல் கட்டிய ஹால் ஆஃப் நேஷன்ஸை 2017இல் ஒரே ராத்திரியில் இடித்துத் தள்ளினோம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும், அதை இங்கே நீட்ட வேண்டாம்.

தங்க வேண்டுமானால் பிராயர் கட்டடத்திலேயே நடக்கும் தோத்தெம் ஹோட்டலைப் பாருங்கள். உள்ளே புதுப்பித்தார்கள், ஆனால் கான்கிரீட்டை மூடி மறைக்கவில்லை.

ஐஸ்வர்யா, குருகிராம்: கல்யாணமாகி முதல் பயணம். கான்கிரீட் வேண்டாம் அண்ணா, கொஞ்சம் கதகதப்பாக, ரொமான்டிக்காக ஏதாவது?

அப்படியென்றால் அவோரியா. அங்கே ஒதெல் தே துரோமோன் என்று ஒரு ஹோட்டல். ஊரிலேயே முதலில் எழுந்த கட்டடம் அதுதான், 60களின் நடுவில். அதை வரைந்த ஜாக் லாப்ரோவும் கூட்டாளிகளும் அப்போது இளைஞர்கள். 1960 ஒலிம்பிக்கில் ஸ்கீயிங் தங்கம் வாங்கிய ஜான் வுவார்னே தன் சொந்த மலைக்கு மேலே ஒரு ஊர் வேண்டும் என்று நினைத்தார், இவர்களிடம் வேலை வந்தது. சுவர், கூரை எல்லாம் செதில் செதிலாக மர ஓடு வேய்ந்திருக்கும். கூரை கோணல்மாணலாகச் சரிந்து பனியைத் தாங்கி நிற்கும். உள்ளே நேர்க்கோடு குறைவு, குகைக்குள் நுழைகிற உணர்வு, நடுவில் கணப்பு.

அவோரியாவில் கார் கிடையாது. இன்று எடுத்த முடிவு இல்லை இது, தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். வண்டியை ஊர் வாசலில் விட்டுவிட்டு குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியிலோ, பனியில் ஓடும் சங்கிலிச் சக்கர வண்டியிலோ பெட்டியோடு போய் இறங்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு ஊர் நடுவே நடந்து பாருங்கள், ஹார்ன் சத்தம் என்று ஒன்றே இல்லை. தில்லியிலிருந்து போகிற ஆளுக்கு அதுவே பாதி தேனிலவு.

அறை வடிவங்கள் ஒன்றுபோல் இருக்காது. படுக்கை இருபுறமும் இறங்க வழி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, ஐரோப்பாவில் 'டபுள்' என்று சொல்லி இரண்டு ஒற்றை மெத்தையை ஒட்டிப் போட்டுவிடுவார்கள். முதல் பயணம் என்கிறீர்கள், முன்பே சொல்லிவைப்பது நல்லது.

விவேக், துவாரகா: ஆர்க் 1950 என்று ஒரு இடம் பார்த்தேன். 1950இல் கட்டியதா? ரெட்ரோ என்று நம்பிப் போடலாமா?

போடாதீர்கள். லெஸ் ஆர்க்கின் பகுதிகளுடைய பெயரில் வரும் 1600, 1800, 1950, 2000 எல்லாம் மீட்டரில் உயரம். ஆர்க் 1950 திறந்தது 2003இல். பழைய மலைக் கிராமம் மாதிரி அலங்காரம் செய்த புது ஊர். பழசு வேண்டுமானால் 1600, 1800.

பிரியா, நொய்டா: நான் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு. பிரெஞ்சு டிசைனர் சார்லோத் பெரியான் கட்டியது லெஸ் ஆர்க் என்று படித்தேன். போய்ப் பார்க்கும் அளவுக்கு இன்னும் அங்கே அவருடையது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது பிரியா, ஆனால் தேட வேண்டும். முதலில் ஒன்று: பெரியானைப் பார்க்க நீ பிரான்ஸ் போவதற்கு முன் சண்டிகர் போய்விட்டு வா. பின்னாளில் சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியே, பியர் ழான்ரே இருவரோடும் 1927 முதல் ஒரே அறையில் வேலை செய்தவர் பெரியான். இந்த ழான்ரேதான் சண்டிகரின் அந்த 'வி' கால் நாற்காலிகளைச் செய்தவர். பெரியானும் ழான்ரேயும் சேர்ந்து 1938இல் பீப்பாய் வடிவில் ஒரு மலைக் கூடாரம் வரைந்தார்கள். உலோகத் தகடு, கழற்றி மாட்டலாம், மலையேறுகிறவர்கள் உள்ளே அடுக்கடுக்காகப் படுக்கலாம். ஒரு கைப்பிடி இடத்தில் எத்தனை பேர் மனிதத்தன்மையோடு வாழலாம் என்ற அந்தக் கணக்குதான் முப்பது வருடம் கழித்து லெஸ் ஆர்க்கில் ஊராக வளர்ந்தது.

பெரியான் சும்மா மேசையில் உட்கார்ந்து மலைக்கு வரைந்தவர் இல்லை. தானே மலையேறுவார், ஸ்கீ செய்வார். ஆர்க் 1600இல் கட்டடங்கள் சரிவோடு சேர்ந்து படுத்திருப்பதைப் பார். மேலிருந்து ஸ்கீயில் இறங்கி வந்தால் கூரை மட்டும்தான் தெரியும், கீழே வந்து திரும்பினால்தான் இத்தனை மாடியா என்று தோன்றும். லா காஸ்காத் என்ற கட்டடத்தில் மாடிகளைப் படிப்படியாகத் தள்ளி அமைத்திருப்பதால், ஒரு வீட்டு மாடம் இன்னொரு வீட்டு வெயிலை மறைக்காது.

ஆர்க் 1800இல் குளியலறையைப் பார்க்க வேண்டும். தரை, சுவர், தொட்டி எல்லாம் ஒரே வார்ப்பாகப் பாலியெஸ்டரில் தொழிற்சாலையில் செய்து, அப்படியே தூக்கிக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். மலையில் கட்டட வேலை நடக்கும் மாதங்கள் குறைவு, குளிர் வந்தால் சிமெண்ட் வேலை நின்றுவிடும். அதற்கான பதில் அது. சமையலறையைக் கூடத்தோடு திறந்து வைத்ததும் யோசித்துச் செய்ததுதான். சமைக்கிற பெண்மணி சுவருக்குப் பின்னால் தனியாக நிற்கக் கூடாது என்று நினைத்தார்.

பல வீடுகளைப் பின்னால் வாங்கியவர்கள் உள்ளே எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். வாடகைக்கு எடுக்கும்போது 'அசல் பெரியான் உள்ளமைப்பு' என்று வீட்டுக்காரர் குறிப்பிட்டிருக்கிறாரா பார். பைன் பலகை, சிவப்புக் கதவு, அந்த வார்ப்புக் குளியலறை மூன்றும் படத்தில் இருந்தால் எடு. மாணவர் பட்ஜெட்டுக்கு இன்னொரு வசதி, பாரிஸிலிருந்து ரயிலில் புர் சாங் மோரீஸ் வரை வந்து, ஸ்டேஷனை ஒட்டி நிற்கும் மலை ரயிலில் ஏறினால் ஏழு நிமிடத்தில் ஆர்க் 1600. டாக்சியே தேவையில்லை.

ராஜகோபாலன், ஆர்.கே.புரம்: எனக்கு 68, மனைவிக்கு முழங்கால் வலி. மகன் கூட்டிப்போகிறேன் என்கிறான். உயரம் ஒத்துக்கொள்ளுமா? ஸ்கீ செய்யாமல் என்ன செய்வது?

சார், உயரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஃப்ளேன் 1600 மீட்டர், அவோரியா 1800. நம் ஊட்டி 2240. ஊட்டியில் மூச்சு வாங்காதவருக்கு இங்கே தங்குவதில் ஒன்றும் ஆகாது. இதயம், ரத்த அழுத்தம் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், அது எங்கே போனாலும் உள்ளதுதான்.

பயப்பட வேண்டியது வழுக்கலுக்கு. பகலில் உருகிய பனி மாலையில் கண்ணாடியாக இறுகிவிடும். ஷூவுக்கு அடியில் மாட்டும் ரப்பர் முள்பட்டை அங்கேயே கடைகளில் கிடைக்கும், இறங்கின அன்றே வாங்கிவிடுங்கள். அம்மாவுக்கு ஃப்ளேன் வசதி. ஊரின் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே இலவச லிஃப்ட் ஓடுகிறது. ஊர் நடுவே வெட்டவெளியில் பிக்காசோவின் பெண் தலை, துபுஃபேயின் மரத்தோப்பு, வாசரெலியின் அறுகோணங்கள் என்ற சிற்பங்கள் எல்லாம் ஆளுயரத்துக்கு மேல் பனிக்குள் நிற்கும். டிக்கெட் கிடையாது. நடப்பவர்களுக்கான தனிச் சீட்டு வாங்கி கிராந்த் பிளாத்தியேர் என்ற 2480 மீட்டர் முகட்டுக்குப் போகலாம், வானம் தெளிந்திருந்தால் மோன் பிளாங் எதிரே நிற்கும். மீதி நேரம் ஹோட்டல் மாடத்தில் போர்வையோடு உட்கார்ந்து மகன் விழுந்து எழுவதைப் பார்க்கலாம். ஸ்கீ செய்யாதவர்கள்தான் ஹோட்டலில் அதிக நேரம் இருக்கப் போகிறார்கள், ஆகவே ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது என்று மகனிடம் சொல்லிவிடுங்கள்.

மீனாட்சி மாமி, கரோல் பாக்: நாங்கள் சுத்த சைவம். ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா? அங்கே வெங்காய சூப், சீஸ் எல்லாம் சைவம்தானே?

மாமி, இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்பு வேகவைத்த சாற்றில் செய்வது. தார்த்திஃப்லெத் என்ற உருளைக்கிழங்கு பதார்த்தத்தில் பன்றித் துண்டு இருக்கும், 'சான் லார்தோன்' என்று சொல்லிக் கேட்டால் சில இடங்களில் போடாமல் தருவார்கள். ஃபோன்டூ என்பது உருக்கிய சீஸ், அதில் வெள்ளை ஒயின் ஊற்றியிருக்கும். அதைவிட முக்கியம், போஃபோர், ரெப்லொஷோன் மாதிரி அந்த மலையின் பாரம்பரியச் சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்று நொதியைத்தான் சேர்ப்பார்கள். உங்கள் சைவம் எந்த எல்லை வரை என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொல்லாமல் விட்டு, திரும்பி வந்து நீங்கள் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

ஆகவே ஹோட்டல் வேண்டாம், சமையலறை உள்ள வீடு எடுங்கள். ஹோட்டல் அறையில் குக்கர் வைத்தால் புகை மணி அடிக்கும், கட்டடமே வெளியே வந்து பனியில் நிற்கும். வீடு எடுத்தாலும் அப்பளம் பொரிப்பது, தாளிப்பது எல்லாம் புகைபோக்கியைப் போட்டுவிட்டு, மெதுவாக. இன்னொன்று, 1800 மீட்டரில் தண்ணீர் கிட்டத்தட்ட 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு லேசில் வேகாது, சின்னப் பிரஷர் குக்கர் கட்டாயம். அங்கே அடுப்பு பெரும்பாலும் மின்சாரத் தட்டு அல்லது இண்டக்ஷன், அடிப்பாகம் காந்தம் ஒட்டும் குக்கராக எடுங்கள். தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்திருக்கும், நல்லெண்ணெய் கொண்டுபோங்கள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி இருந்தால் நாலு நாள் ஓடிவிடும். பால், தயிர், மாமிசம் சேர்ந்த எதையும் இந்தியாவிலிருந்து பெட்டியில் வைக்காதீர்கள், ஐரோப்பிய விதி தடுக்கிறது. நெய்யும் பாலில் சேர்ந்ததுதான், வெண்ணெய் அங்கே வாங்கி உருக்கிக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம், சாகேத்: வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். பாத்ரூமில் தண்ணீர்க் குழாய்?

இருக்காது. சின்ன பிளாஸ்டிக் சொம்பு ஒன்று பெட்டியில். அறுபதுகளின் குளியலறை அளவைப் பார்த்தால் அதை வைக்கவும் இடம் தேட வேண்டியிருக்கும்.

விவேக், துவாரகா (மறுபடியும்): சரி, எப்போது போவது, விசா எங்கே?

ஜனவரி இரண்டாவது வாரம். கிறிஸ்துமஸ் கூட்டம் வடிந்திருக்கும், பிரெஞ்சுப் பள்ளிகளின் பிப்ரவரி விடுமுறை தொடங்கியிருக்காது. இரண்டிலும் விலை ஏறுமே தவிர இறங்காது. தில்லிப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை பொதுவாக ஜனவரி முதல் பாதியில் வருவதால் குழந்தைகளும் வரலாம். ஒரே இடைஞ்சல் நம் மூடுபனி. அதிகாலை விமானம் தாமதமானால் இணைப்பு விமானம் போய்விடும், நடுவில் தாராளமாக நேரம் விடுங்கள். பல இடங்களில் சனி முதல் சனி வரைதான் வாடகை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெனீவாவில் இறங்கினாலும் தங்குவது பிரான்சில் என்றால் பிரான்ஸிடம்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், பயணத்துக்கு 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் பொதுவாக வாங்க மாட்டார்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கீயிங் சேராமல் இருக்கும், கேட்டு வாங்குங்கள். பிரான்சில் சரிவில் அடிபட்டு மீட்புக்காரர்கள் ஸ்ட்ரெச்சரில் இறக்கினால் அதற்குத் தனி பில் வரும்.

சரவணன், லட்சுமி நகர்: யூரோ எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது அண்ணா. குல்மார்க்கில் இந்த அனுபவம் கிடைக்குமா?

பனி கிடைக்கும், அதில் ஆல்ப்ஸுக்குக் குறைச்சலே இல்லை. கொண்டோலா என்ற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் 3900 மீட்டருக்கு மேலே கொண்டுபோகிறது. ஃப்ளேனின் உச்சியைவிட அது எவ்வளவோ உயரம், அங்கே நிஜமாகவே தலை சுற்றும், வயதானவர்களை இரண்டாம் கட்டத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம். ஸ்கீயிங் படிக்க அரசாங்கத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனமே அங்கே இருக்கிறது. தங்க ஹைலேண்ட்ஸ் பார்க் மாதிரிப் பழைய ஹோட்டல், மரச்சுவர், அறைக்குள் குளிர்காய விறகு எரிக்கும் புகாரி அடுப்பு. யாரும் டிசைனர் வைத்து ரெட்ரோ ஆக்கவில்லை, தானாகவே பழையது. ஃப்ளேனில் பார்க்கிற ஒரே ஆள் வரைந்த ஊர் என்பது அங்கே கிடையாது, அவ்வளவுதான். முதல் முறை ஸ்கீ மாட்டுகிறவர் குல்மார்க்கில் விழுந்து பழகிவிட்டு ஆல்ப்ஸ் போவதுதான் பணத்துக்கு நல்லது என்பேன்.

சுதா, மயூர் விகார்: தில்லிக் குளிர்கால ஜாக்கெட் போதுமா?

சரோஜினி நகர் ஜாக்கெட் குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. மேலுறை, கால்சட்டை இரண்டும் நீர் புகாததாக வேண்டும், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பூட்ஸ், ஹெல்மெட், ஸ்கீ எல்லாம் அங்கே வாடகைக்கு. சன்ஸ்கிரீனைக் குளிர்தானே என்று விட்டுவிடாதீர்கள், பனி வெயிலைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும், மூக்கின் அடிப்பக்கம்கூடக் கருகும்.

பாலாஜி, வசுந்தரா என்க்ளேவ்: இரண்டு பிள்ளைகள், ஆறும் ஒன்பதும். பதிவு செய்வதற்கு முன் ஹோட்டலிடம் என்ன கேட்க வேண்டும்?

அறை எத்தனை சதுர மீட்டர், பங்க் படுக்கை தனி மூலையிலா, கதவு உண்டா என்று கேளுங்கள். 60களின் ஸ்கீ அறையில் பிள்ளைகளுக்கு வாசலை ஒட்டிய சின்ன மூலையில் பங்க் போடுவது வழக்கம், கதவு இல்லாவிட்டால் ராத்திரி பாத்ரூம் விளக்கு அவர்கள் முகத்தில். மேல்மாடி வாங்குங்கள். பழைய தளத்தில் சத்தம் இறங்கும், காலை ஏழரைக்கு மேலே யாராவது ஸ்கீ பூட்ஸ் மாட்டி நடந்தால் லாரி ஓடுகிற மாதிரி இருக்கும். பூட்ஸை வைக்கிற அறையில் சூடேற்றும் கம்பிகள் உண்டா, ஸ்கீ பள்ளி கூடுகிற இடத்துக்குப் பிள்ளைகள் பூட்ஸோடு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், இரவு உணவு வாடகையில் சேர்த்தியா, அதில் பிள்ளைகளுக்குச் சைவம் கிடைக்குமா, இதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றுலா வரி கடைசி நாள் தனியாகக் கேட்பார்கள், பெரியவர்களுக்கு மட்டும்.